இன்னும் ஒரு பாகம் இருக்கிறது

பிப்ரவரி 9, இரவு

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துவிடு. சின்னச் சின்னதாகக் கிழித்து இரண்டு குப்பைத் தொட்டிகளில் பிரித்துப் போடு. ஒரே தொட்டியில் போட்டால் யாராவது ஒட்டிப் படித்துவிடுவார்கள்.

நான் லாரிக் கொட்டகையில் இருக்கிறேன். உன் பியானோவுக்கு அடியில், தார்ப்பாய்க்குள். டார்ச் வெளிச்சம் வெளியே தெரியாத இடம் நம் வீட்டில் இது ஒன்றுதான். முதுகுக்குப் பின்னால் ஏதோ சுரண்டுகிறது. எலியாக இருக்கலாம். நீ எனக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்தாய். ஆனால் நிஜ எலி என்றால் எனக்கு உயிர் போய்விடும் என்று உனக்கே தெரியும். அப்படியும் எழுதுகிறேன் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று புரிந்துகொள்.

நாலு மாதமாக இந்த வீட்டில் உன்னைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உன்னுடைய முதல் கச்சேரிக்கு நாங்கள் மூன்று பேரும் வந்தோமே, மறுநாள் காலையிலேயே அப்பா சொல்லிவிட்டார்: "இனிமே இந்த வீட்ல பியானோ பேச்சு கூடாது. பேசுறவங்க லாரில ஏறிப் போயிடலாம்." அம்மா, "லாரிய ஓட்டத் தெரிஞ்சா நான் எப்பவோ போயிருப்பேன்" என்றாள். வழக்கமாக இதற்கு அப்பா சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

எனக்கு அன்று நடந்தது திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. நீ முதல் பாகத்தை வாசித்து முடித்தாய். ஹாலில் ஒரு சத்தம் இல்லை. அப்பா கைதட்டினார். அப்பாவின் கைதட்டல் தெரியுமே, இரண்டு பலகையை மோதுகிற மாதிரி. அவர் ஒருவர்தான் தட்டினார். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினாய். பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார். நீ இரண்டாவது பாகம் ஆரம்பித்ததும் எழுந்து போய்விட்டார். கச்சேரிக்கென்றே வாங்கிய அந்தப் புது ஷூ கதவு வரைக்கும் கீச், கீச் என்று கத்திக்கொண்டே போனது.

அந்தக் கையால் வாயை மூடு என்றா சொன்னாய்? எனக்கு மட்டுமாவது சொல். நீ ஏன் அதற்குப் பிறகு வீட்டுக்கே வரவில்லை?

உன் முகவரியை அம்மாவின் கைப்பையிலிருந்த அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அம்மாவின் வாயில் எதுவும் தங்காது. பதிலை எதிர்க்கடைத் தையல் அத்தையின் பெயருக்கு அனுப்பு. கடிதம் வந்தால் அத்தை, "யூனிஃபார்ம் தயார்" என்று குரல் கொடுப்பார்.

தார்ப்பாயின் மேல் யாரும் ஒரு சாமானும் வைப்பதில்லை அக்கா. கொட்டகையில் வீடு மாறுகிறவர்களின் பீரோ மேல் பீரோ நிற்கிறது. இதன் மேல் மட்டும் ஒன்றும் இல்லை. ஒருநாள் அப்பாவோடு சாமான் இறக்கிய குண்டூசி மாமா ஒரு நாற்காலியைத் தூக்கி வைத்தார். அப்பா உடனே எடுத்துக் கீழே வைத்தார்.

சுண்டெலி


பிப்ரவரி 24

என் சுண்டெலிக்கு,

கிழிக்க மாட்டேன். உன் கடிதம் என் இசைப் புத்தகத்துக்குள் இருக்கிறது. நேற்று மேடையில் பக்கத்தைத் திருப்பியபோது பாட்டுக்குப் பதிலாக "எலியாக இருக்கலாம்" என்று வந்தது. எப்படிச் சிரிக்காமல் வாசித்தேன் என்று தெரியவில்லை.

கேட்டாய், சொல்கிறேன். ஆனால் என் பக்கத்தையும் கேள்.

அந்த இரண்டாவது பாகம் எப்படிப்பட்டது தெரியுமா? மொத்த இசையிலும் மெல்லிய இடம் அதுதான். ஒரு கட்டையைத் தொட்டுவிட்டு அதன் ஒலி தேய்ந்து போகும்வரை காத்திருந்து அடுத்ததைத் தொட வேண்டும். அதற்காக நான் இரண்டு வருடம் உழைத்தேன். அந்த இடத்தில் கீச், கீச், கீச். கடைசியில் கதவு வேறு டமார். என்னைப் பெற்றவர் என் முதல் கச்சேரியில் நடுவில் எழுந்து போனார். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது அந்தக் கை. நான் எந்த வீட்டில் வளர்ந்தேன்? எழுதப் படிக்கக் கற்பதற்கு முன்னால் லாரிக்குப் பின்னால் நின்று கைகாட்டக் கற்றவள். விரல்களை ஆட்டினால் வா, வா. உள்ளங்கையைக் காட்டினால் அங்கேயே நில், இன்னும் வேலை இருக்கு. இந்த இசையில் நாலு பாகமும் முடிந்த பிறகுதான் கைதட்டுவது வழக்கம். அவர் நடுவில் கைதட்டியதும் எனக்குத் தோன்றியது அதுதான்: 'அப்பா, கொஞ்சம் நில்லுங்க, இன்னும் மூணு பாகம் இருக்கு.' வாயை மூடு என்று என் அப்பாவிடம் நான் சொல்வேனா? அவர் சொல்லிக்கொடுத்த சைகை அவருக்கே புரியவில்லை என்றால் நான் என்ன செய்ய?

நானாகப் போய் விளக்க மாட்டேன். எழுந்து போனவர் அவர்.

மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன். நன்றாக என்றால், பறந்துகொண்டிருக்கிறேன். போன மாதம் ஒரு பெரிய கலைஞருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அவருக்குப் பதில் யார் வாசிப்பது என்று தேடி, யாரும் கிடைக்காமல், கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். முழு வாத்தியக் குழுவோடு. ஒத்திகைக்கு ஒரே ஒரு மதியம். குழுவை நடத்துபவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க பியானோவ டியூன் பண்ண வந்தவங்களா?" என்றார். "இல்லைங்க, உங்கள டியூன் பண்ண வந்தேன்" என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கச்சேரி முடிந்ததும் அதே மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு ஊர், ஒரு ஹோட்டல்.

எங்கள் தொழிலில் ஒரு கூத்து உண்டு. வயலின்காரர் தன் வயலினைத் தூக்கிக்கொண்டு வருவார். எங்களால் முடியாது. அந்த ஹாலில் எந்தப் பியானோ நிற்கிறதோ அதில்தான் வாசிக்க வேண்டும். அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு பந்தயத்தில் ஓடுவதைப் போல. போன ஊரில் பெடல் முனகியது, இந்த ஊரில் ஒரு கட்டை உள்ளே போனால் வெளியே வர யோசிக்கிறது. ரயிலில் போகும்போது மடியில் விரலால் வாசித்துப் பழகுகிறேன். ஒருநாள் எதிரே இருந்த ஒரு அம்மா, "ஸ்டேஷன் வந்துடும்மா, பதறாதே" என்று தண்ணீர் கொடுத்தார்.

மேடைக்குப் போகும் முன் எனக்கு இன்னும் விக்கல் வருகிறது. உட்கார்ந்து முதல் கட்டையைத் தொட்டதும் நின்றுவிடும். பின்னால் வரும்போது நம் லாரி பாடுகிற ரிவர்ஸ் பாட்டை மனதுக்குள் ஓட்டினால் கொஞ்சம் தேவலை. நான் இந்த உலகத்தில் முதன்முதலில் வாசித்த பாட்டு அதுதானே. டிங், டங், டொய்ங், டிங்.

அது இன்னும் பாடுகிறதா?

அக்கா


மார்ச் 20, இரவு

அக்கா,

லாரி பாடுகிறது. ஆனால் மூன்றாவது சத்தம் செத்துப்போய்விட்டது. டிங், டங், அப்புறம் ஒன்றும் இல்லை, அப்புறம் டிங். மெக்கானிக், "முழுசா மாத்தணும்" என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதெல்லாம் ரிவர்ஸ் எடுக்கும்போது அந்த இடம் வந்ததும் அப்பாவே ஜன்னலில் தலையை நீட்டி "டொய்ங்" என்கிறார். அவருக்கே தெரியாமல் செய்கிறார் என்று நினைக்கிறேன். தெருவில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

தையல் அத்தை இந்த மாதம் இரண்டு தடவை "யூனிஃபார்ம் தயார்" என்று கத்தினார். ஒன்று உன் கடிதம், ஒன்று நிஜமாகவே யூனிஃபார்ம். அப்பா, "அந்த யூனிஃபார்ம எத்தனை தடவை தைப்பாங்க? நீ என்ன பட்டாளத்துலயா படிக்கிறே?" என்றார். "நான் வளர்றேன்ல" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் போன வருடமும் இதே உயரம்தான்.

உன் கையின் அர்த்தத்தைப் படித்ததும் உடனே ஓடிப்போய் அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. வாசல் வரைக்கும் போனேன். எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? கடிதம் எழுதுவது தெரிந்துவிடும். பாதியிலேயே திரும்பி வந்துவிட்டேன். விஷயம் தெரிந்தும் வாயைத் திறக்க முடியாமல் இருப்பது என்ன கஷ்டம் தெரியுமா?

அப்புறம் ஒரு வழி கிடைத்தது. சனிக்கிழமை குண்டூசி மாமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. (அந்த ஒல்லி உடம்பில் பிடித்துக்கொள்ள இடுப்பு எங்கே இருக்கிறது என்று அம்மா கேட்டாள்.) அதனால் லாரிக்குப் பின்னால் நின்று கைகாட்டும் வேலை எனக்கு. லாரி பாதி வரும்போதே நான் உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். அப்பா இறங்கி வந்தார்.

"என்னடி, பின்னாடி இன்னும் ஒரு யானையே நிக்கலாம். எதுக்கு நிறுத்துனே?"

"அப்பா, கைய இப்படிக் காட்டினா என்ன அர்த்தம்?"

"வெயில்ல மூளை உருகிடுச்சா?"

"சொல்லுங்கப்பா. வாய மூடுன்னு அர்த்தமா?"

"வாய மூடுன்னா வாய்ல விரல வெப்பாங்க. இது நில்லு. அங்கயே நில்லு, இன்னும் வேலை பாக்கி இருக்குன்னு அர்த்தம். லாரிக்காரன் வீட்ல பொறந்துட்டு இதுகூட…"

தன் உள்ளங்கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு வண்டியில் ஏறி, நான் கைகாட்டாமலேயே உள்ளே விட்டார். சாப்பிடும்போது உப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "உப்ப எடு" என்று அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டார்.

இனிமேல் வருவதுதான் பயங்கரம். அன்று ராத்திரி உனக்கு எழுதலாம் என்று தார்ப்பாய்க்குள் உட்கார்ந்தேன். கொட்டகைக் கதவு திறந்தது. டார்ச்சை அணைத்துவிட்டேன். அப்பாவின் கால்கள் வந்து என் மூக்குக்கு நேராக நின்றன. தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கினார். மூடியைத் திறந்தார். ஒற்றை விரலால் ஒரு கட்டையை அழுத்தினார். அது இல்லை. பக்கத்துக் கட்டை. அதுவும் இல்லை. எனக்கு மேலே இடி இடிப்பது போல இருந்தது. நான் பாவாடையை வாயில் திணித்துக்கொண்டேன். ஏழெட்டுக் கட்டைகளுக்குப் பிறகு சரியானது கிடைத்துவிட்டது. டொய்ங்.

இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். மூடிவிட்டுப் போய்விட்டார். தார்ப்பாய்க் கயிற்றைக் கட்டவில்லை.

நான் எவ்வளவு நேரம் கழித்து வெளியே வந்தேன் என்று கேட்காதே. கால் மரத்துப் போய்விட்டது.

சுண்டெலி


ஏப்ரல் 15

சுண்டெலி,

உன் கடிதத்தை மேடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் படித்தேன். விக்கல் தானாக நின்றுவிட்டது. டியூன் செய்பவர், "இன்னிக்கு என்ன மருந்து சாப்ட்டீங்க?" என்று கேட்டார்.

உனக்கு ஒரு செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. மே 17 மாலை, நம் ஊர் நகர மண்டபத்தில் என் கச்சேரி. ஏற்பாடு செய்பவர்கள் ஊர்ப் பட்டியலை அனுப்பினார்கள். நடுவில் நம் ஊர் இருந்தது. மறுக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்று ராத்திரியே ரயில் ஏற வேண்டும், மறுநாள் வேறு ஊரில் கச்சேரி.

அன்றைக்கு வாசித்த அதே இசையைத்தான் வாசிக்கப் போகிறேன் என்று முதலில் முடிவு செய்தேன். பிறகு மனம் வரவில்லை. இது வேறு. இதிலும் நான்கு பாகங்கள். ஆனால் சந்தோஷமான இசை, நம் தெருவில் காலையில் எல்லாக் கடைகளும் ஒன்றாகத் திறக்கிற மாதிரி.

அப்பாவை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. டிக்கெட் அனுப்பினால் அது அப்படியே திரும்பி வரும். நேரில் வந்து நின்றால் என்ன பேசுவேன்? வாத்தியக் குழுவில் அத்தனை பேர் என் விரலைப் பார்த்துக் காத்திருக்கும்போது எனக்குப் பயம் இல்லை. இந்த ஒரு மனிதரிடம் 'வாங்க' என்று சொல்லப் பயம். பயத்தில் உன்னை மிஞ்சிவிட்டேன் பார்.

நீயும் அம்மாவும் வாருங்கள். மூன்றாவது வரிசையில் மூன்று இடம் வைக்கச் சொல்கிறேன். மூன்றாவது இடம் காலியாக இருந்தாலும் பரவாயில்லை.

பரவாயில்லை என்று எழுதினேன். நம்பிவிடாதே.

அக்கா


மே 10, இரவு

அக்கா, அக்கா, அக்கா,

அவசரமாக எழுதுவதால் எழுத்து இப்படி இருக்கிறது.

மண்டபத்துப் பியானோவின் மேல் கூரை ஒழுகிவிட்டதாம். ஒரு வாரம் யாரும் கவனிக்கவில்லை. இப்போது கட்டைகள் எல்லாம் ஊறி, ஒன்றை அழுத்தினால் மூன்று போகிறதாம். அதனால் பக்கத்து ஊர் இசைப் பள்ளியிலிருந்து ஒரு பெரிய பியானோவை இரவல் வாங்கி இருக்கிறார்கள். அதைக் கொண்டுவர ஒரு லாரி வேண்டும். நம் ஊரில் பியானோ தூக்கத் தெரிந்த லாரிக்காரர் யார்?

போன் வந்தபோது நான் பக்கத்தில்தான் கணக்குப் பாடம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா, "மூணு காலா, நாலு காலா? படி எத்தனை? சரி, வந்துடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். யார் வாசிக்கப் போகிறார்கள் என்று கேட்கவே இல்லை. மறுநாள் இடத்தைப் பார்க்கப் போனவர் வாசலில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்திருக்கிறார். குண்டூசி மாமா சொன்னார்: "உங்கக்கா மூஞ்சிய அவ்ளோ பெருசா போட்டிருக்கான். அண்ணன் அப்படியே நின்னுட்டாரு. நான், 'வேற ஆளப் பாக்கச் சொல்லிடலாமா அண்ணே'ன்னு கேட்டேன். 'வாக்குக் குடுத்தாச்சுடா, வாயாடாம வா'ன்னுட்டாரு."

சாப்பிடும்போது அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "பியானோவ எறக்கி வெச்சுட்டு வந்துடுவீங்களா?"

"வந்துட்டு? கச்சேரி முடிஞ்சதும் திரும்ப ஏத்தணும்ல. நடுவுல வீட்டுக்கு வந்துட்டுப் போனா டீசலுக்கு யாரு அழுவுறது?"

"அதுவரைக்கும் எங்க நிப்பீங்க?"

"எங்கயாவது நிக்கிறது."

"மண்டபத்துச் சந்துல கொசு கடிக்கும்."

"அப்ப உள்ள உக்காந்துக்கறேன். கொசுவுக்காகத்தான்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள். அடுப்பு ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

அப்புறம் என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்டார். "சும்மா கேக்கறேன். வண்டிய எத்தனை மணிக்குத் திருப்பி நிறுத்தறதுன்னு தெரியணும். அதுல எத்தனை பாகமாம்?"

"நாலு" என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவார் என்று. அவர் கேட்கவில்லை. "நாலு" என்று சொல்லி நாலு விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். "நாலும் முடிஞ்சப்புறம்தான் தட்டணும். அப்படித்தானே?" "ஆமாப்பா." "அதுவரைக்கும் கைய எங்க வெக்கிறது?" "தொடைக்கு அடியில வெச்சுக்கங்கப்பா."

இப்போது சாப்பிட்டு முடித்ததும் தினமும் நாற்காலியில் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறார்.

நீ நன்றாக வாசி. மூன்றாவது இடம் காலியாக இருக்காது.

சுண்டெலி


மே 18, ரயிலில்

சுண்டெலி,

எழுத்து குலுங்குகிறது, பொறுத்துக்கொள். நேற்று கச்சேரி முடிந்ததும் கார் பக்கவாட்டுக் கதவில் வந்து நின்றது. ஏற்பாட்டாளர் என்னைத் தூக்கிப் போடாத குறையாக ஏற்றிவிட்டார். உங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் கேட்கிறேன், நீ எனக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். என்னைத் தேற்றுவதற்காக எதுவும் எழுதாதே.

அந்தப் பியானோவைத் தொட்டதும் எனக்கு அப்பாவின் கை தெரிந்துவிட்டது. ஊர்விட்டு ஊர் வந்த பியானோ வழியில் எங்காவது இடிபட்டு, இரண்டு சுரம் பிசகி நிற்கும். இது பிசகவில்லை. டியூன் செய்பவர், "யாரு கொண்டுவந்தாங்களோ, தொட்டில் மாதிரி கொண்டுவந்திருக்காங்க. எனக்கு வேலையே இல்ல" என்றார். விக்கல் வரவில்லை சுண்டெலி. இத்தனை வருடத்தில் முதல் தடவை.

அப்படி ஒரு நாள் எனக்கு வந்ததில்லை. விரல்கள் என்னைக் கேட்காமலே ஓடின. கடைசிச் சுரத்தை விட்டுக் கையை எடுப்பதற்குள் ஹால் எழுந்துவிட்டது. நான் எழுந்து நின்று மூன்றாவது வரிசையைப் பார்த்தேன்.

ஊரே நின்று கைதட்டுகிறது. அப்பா மட்டும் உட்கார்ந்திருக்கிறார், கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. முகத்தில் கோபம். முன்னால் இருந்தவரிடம் ஏதோ சொல்லி அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். பிறகு எழுந்தார். ஒரு கையை உயரத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினார்.

எனக்கு உலகமே நின்றுவிட்டது. அன்றைக்கு நான் காட்டியதை, அதேபோல எல்லோர் முன்னாலும் எனக்குத் திருப்பிக் காட்டுகிறார். கணக்குத் தீர்க்கத்தான் வந்திருக்கிறார். உள்ளே ஓடிவிடலாம் என்று ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் உன் கடிதம் நினைவுக்கு வந்தது. 'அங்கயே நில்லு, இன்னும் வேலை பாக்கி இருக்கு.' அவர் வாயாலேயே சொன்னது. பழி வாங்கும் கையா, லாரிக்காரர் கையா? எனக்குத் தெரியாது. லாரிக்காரர் கை என்று வைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன். கச்சேரி முடிந்த பிறகு வாசிக்க என்று தனியாக எதையும் நான் தயார் செய்து வைத்திருக்கவில்லை. ஹால் அமைதியானது. அவரும் உட்கார்ந்தார். விரலுக்கு வந்தது ரிவர்ஸ் பாட்டு.

அதை முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் அலங்காரமாக வாசித்தேன். நம் ஊர்க்காரர்களுக்கு அது என்னவென்று சட்டென்று பிடிபடவில்லை. பின்வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு அது ஹால் முழுக்கப் பரவியது. கடைசிச் சுற்றில் மூன்றாவது சுரத்தை விட்டுவிட்டேன். டிங், டங். நிறுத்திவிட்டு, வலது கையை மூன்றாவது வரிசைப் பக்கம் நீட்டி விரல்களை ஆட்டினேன். வா, வா, வா.

"டொய்ங்!"

அந்தக் குரலை உலகத்தில் எந்த ஹாலில் கேட்டாலும் எனக்குத் தெரியும். மிச்சமிருந்த டிங்கை எப்படி வாசித்தேனோ, கண்ணுக்குக் கட்டைகளே தெரியவில்லை. அதன் பிறகு இரண்டு பலகை மோதிக்கொண்ட சத்தம், ஹாலில் முதலாவதாக.

அதனால் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் இந்த ரயில் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வருகிறேன். அந்தக் கை எனக்கா? என்ன சொன்னது?

அக்கா


மே 22, இரவு

அக்கா,

முதலில் உன்னைத் திட்ட வேண்டும். நாலு பாகம் என்று எழுதினாயே, மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு வரும் என்று ஏன் எழுதவில்லை?

முதல் பாகம் முடிந்ததும் அப்பா தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை எடுத்து ஒரு விரலை மடக்கிவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார். இரண்டாவது முடிந்ததும் இன்னொன்று. அப்புறம் நீ நிறுத்தவே இல்லை. போய்க்கொண்டே இருந்தாய். கடைசியில் ஒரே இடிமுழக்கமாக முடித்தாய். அப்பா மூன்றாவது விரலை மடக்கிவிட்டு என் காதில், "மூணு ஆச்சு. இன்னும் ஒண்ணுதான். கைய விடாதே" என்றார். அதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நானும் எழப் போனேன். என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

"பாத்தியா, ஊரே தப்புப் பண்ணுது! அன்னிக்கு நான் ஒருத்தன் தட்டினதுக்கே அவளுக்கு எவ்ளோ கஷ்டமாப் போச்சு. இப்ப மொத்தப் பேரும் தட்டுறானுங்க. அந்தப் பொண்ணு எப்படி அடுத்தத வாசிக்கும்?"

முன்னால் இருந்தவரின் கோட்டைப் பிடித்து இழுத்து, "உக்காருங்க சார், இன்னும் ஒரு பாகம் இருக்கு" என்றார். அவர், "முடிஞ்சு போச்சுங்க" என்றார். "எங்க வீட்டுப் பொண்ணு வாசிக்குது, எனக்குத் தெரியாதா?" என்று ஒரு அதட்டு. அம்மா சீட்டுக்கு அடியில் போய்விடுவாள் போல இருந்தாள். அப்படியும் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் எழுந்து நின்று கையைத் தூக்கினார். உனக்கு இல்லை அக்கா. அது மொத்த ஹாலுக்கும். எல்லோரும் அங்கேயே நில்லுங்க, என் பொண்ணுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கு என்று உனக்காகக் காட்டிய கை அது.

நீ திரும்பி வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் அமைதியானார்கள். அப்பா முன்னால் இருந்தவரின் தோளைத் தட்டி, "நான் சொல்லல?" என்றார். நீ ரிவர்ஸ் பாட்டை வாசித்தாய். அப்பா அதைத்தான் நாலாவது பாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நிஜமாகத்தான் சொல்கிறேன். லாரியில் திரும்பும்போது, "நாலுலயும் கடைசிதான் ஒசத்தி. யாரு எழுதினதோ, நம்ம லாரிய எங்கயோ கேட்டிருக்கான்" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் குண்டூசி மாமா வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அப்புறம் அப்பாவுக்கும் புரிந்து

அக்கா, மேலே வார்த்தை பாதியில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. கொட்டகைக் கதவு திறந்தது. டார்ச்சை அணைப்பதற்குள் கொட்டகை விளக்கு எரிந்தது. தார்ப்பாய் மூலை மேலே போனது. அப்பா குனிந்து என்னைப் பார்த்தார். நான் கடிதத்தைப் பின்னால் மறைத்தேன். பியானோவுக்கு அடியில் மறைப்பதற்கு எங்கே இடம்?

"யாருக்கு?"

"அக்காவுக்கு" என்று காற்று மட்டும் வந்தது.

"இத்தனை மாசமா இந்த டார்ச் வெளிச்சத்துலயா எழுதினே? கண்ணு என்னத்துக்கு ஆகும்? வெளிய வா. எலி இருக்கு அங்க."

நான் ஒரே தாவலில் வெளியே வந்துவிட்டேன். அப்பா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பியானோ மூடிமேல் காகிதத்தை வைத்து எழுதச் சொன்னார். அந்த மூடிமேல்! அவரே துண்டால் துடைத்தும் கொடுத்தார். இப்போது பக்கத்தில்தான் நிற்கிறார். நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறார். அவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டுமாம்.

"மொதல்ல, தையல்காரிகிட்ட இனிமே யூனிஃபார்ம் போதும்னு சொல்லிடு. எனக்கு என்ன காது கேக்காதா? அத எழுதாதே, அது உனக்குச் சொன்னது. எழுதிட்டியா? சரி, இருக்கட்டும். அந்தப் புது ஷூவ நான் குண்டூசிக்குக் குடுத்துட்டேன், அத எழுது. இப்ப அவன் நடந்தா கீச்சுன்னு தெருவே திரும்பிப் பாக்குது. மழைக்காலத்துக்கு முன்னாடி அவ ஒரு தடவை வீட்டுக்கு வரணும், இந்தப் பியானோவுல எது எது சத்தம் சரியில்லன்னு பாத்துச் சொல்லணும். ஒண்ணு மட்டும் நல்லா இருக்கு, அது எனக்குத் தெரியும்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பவும் சொன்னார்: "அப்புறம், அடுத்த தடவை கடைசிப் பாகம் முடிஞ்சதும் எனக்குக் கைகாட்டச் சொல்லு. விரல இப்படி ஆட்டினாப் போதும், நான் தட்டிக்கறேன். லாரிக்காரன் பொண்ணுதானே, சிக்னல் குடுக்கத் தெரியாதா?"